சேவைச் சங்கங்களும் இளையோருக்கான வழிகாட்டித் திட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பை விட்டுவிடும் நிலையிலோ தவறான சேர்க்கையில் சிக்கிவிடும் நிலையிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் சேவைச் சங்கத்தினர் பெரும்பாலும் ஒரே வகையான கேள்விகளையே கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. தனி ஆளாகத் தன்னார்வலராக விரும்புவோருக்கும், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையைத் தொடர்ந்து சந்தித்துத் துணை நிற்கும் வழிகாட்டித் திட்டத்தில் தம் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

சேவைச் சங்கங்களுக்கும் வழிகாட்டல் பணிக்கும் என்ன தொடர்பு?

இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கோல்ட்டர், நாள்தோறும் வழக்குகளில் சிக்கி வந்து நிற்கும் சிறுவர்களைக் கண்டு மனம் பொறுக்காமல், 1904 இல் ஒரு கூட்டத்தில் பேசி, ஆளுக்கு ஒரு சிறுவனை நண்பனாக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டினார். அங்கேயே 40 பேர் முன்வந்தார்கள். ‘பிக் பிரதர்ஸ்’ இயக்கம் அப்படித்தான் வளர்ந்தது. சிறுமிகளுக்காகத் தனியே வளர்ந்திருந்த ‘பிக் சிஸ்டர்ஸ்’ அமைப்பு 1977 இல் அதனோடு இணைந்தது. கோல்ட்டர் பேசிய சில மாதங்களில், 1905 பிப்ரவரி 23 அன்று, சிகாகோவில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு கூடிய கூட்டத்திலிருந்து ரோட்டரி தோன்றியது. 1915 இல் டெட்ராய்ட்டில் கிவானிஸ் சங்கமும், 1917 இல் மெல்வின் ஜோன்ஸின் முயற்சியால் லயன்ஸ் சங்கமும் உருவாயின.

இந்தச் சங்கங்கள் இளையோருக்கெனத் தனிப் பிரிவுகளையும் தொடங்கின. கிவானிஸின் கீ கிளப் 1925 இலும், லயன்ஸின் லியோ 1957 இலும், ரோட்டரியின் இண்டராக்ட் 1962 இலும், ரோட்டராக்ட் 1968 இலும் வந்தவை. இவை நல்ல பயிற்சிக் களங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஏற்கெனவே பள்ளியில் ஓரளவு காலூன்றிவிட்ட பிள்ளைகளே இவற்றில் பெரும்பாலும் சேர்கிறார்கள். பள்ளிக்கே வராத பிள்ளை உறுப்பினர் படிவம் கேட்டு வருவதில்லை. அந்தப் பிள்ளையைத் தேடிப் போகும் வேலைதான் இங்கே பேசப்படுகிறது.

‘ஆபத்துச் சூழலில் உள்ள இளையோர்’ என்று யாரைச் சொல்கிறோம்?

அடிக்கடி வகுப்புக்கு வராமல் போகும் பிள்ளைகள், பெற்றோரை இழந்தவர்கள் அல்லது பிரிந்திருப்பவர்கள், பெற்றோரில் ஒருவர் சிறையில் இருப்பவர்கள், வீட்டில் வன்முறையையோ குடிப்பழக்கத்தையோ பார்த்து வளர்பவர்கள், காப்பகங்களில் வளர்பவர்கள், சிறு வயதிலேயே காவல் துறையின் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டவர்கள் ஆகியோரைப் பொதுவாக இப்படிக் குறிப்பிடுகிறார்கள். ஆபத்து இருப்பது சூழலில். பிள்ளையின் இயல்பில் அன்று. அந்தப் பிள்ளையின் காதுபட இந்தச் சொற்களைப் பயன்படுத்தவே கூடாது. அறிவிப்புப் பலகையிலும் அழைப்பிதழிலும் இவை இடம்பெறக் கூடாது. ‘கெட்டுப்போகக்கூடியவன்’ என்று தன்னை நாலு பேர் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எந்தப் பிள்ளையும் மனம் திறந்து பேசாது.

கடினமான சூழலில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் வழி தவறுவார்கள் என்பதும் உண்மையன்று. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955 இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் போன்ற பல இடர்கள் ஒன்றுசேர்ந்த சூழலில் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் தன்னம்பிக்கையும் பரிவும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, தன்னைக் கைவிடாத ஒரு பெரியவரோடு இருந்த நெருக்கம். அந்தப் பெரியவர் பாட்டியாகவோ அண்டை வீட்டுக்காரராகவோ ஆசிரியராகவோ இருந்தார். வழிகாட்டித் திட்டம் என்பது, அப்படி ஒருவர் தானாக அமையாத பிள்ளைக்கு ஒருவரை அமைத்துக் கொடுக்கும் முயற்சி.

வழிகாட்டியின் வேலை என்ன?

குறித்த நாளில், குறித்த இடத்தில், குறித்த நேரத்துக்கு வருவதுதான் முதல் வேலை. பேச்சு, விளையாட்டு, படிப்புக்குத் துணை, வேலை தேடுவதற்கு யோசனை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. அவர் ஆசிரியரோ மனநல ஆலோசகரோ கண்காணிப்பு அதிகாரியோ அல்லர். பெற்றோரின் இடத்தைப் பிடிப்பவரும் அல்லர். அறிவுரை சொல்லித் திருத்திவிட வேண்டும் என்ற அவசரத்தோடு வருபவர்கள், பிள்ளையின் விருப்பத்துக்கு இடம் கொடுத்து உறவை வளர்ப்பவர்களைவிட விரைவில் சோர்ந்து விலகிவிடுகிறார்கள். இதை 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டின. பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றி நான்கு மாதம் பேசாமல் இருக்க முடியாதவர் இந்தப் பணிக்கு ஏற்றவரல்லர் என்பது எங்கள் கருத்து.

இதனால் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு; ஆனால் அது அளவான பயன். நன்கொடை கேட்கும் துண்டறிக்கைகள் ஒரு வழிகாட்டியால் ஒரு வாழ்க்கையே தலைகீழாக மாறிவிடும் என்பதுபோல எழுதுவதுண்டு. அப்படி நம்பி வருபவர்கள் ஆறாம் மாதத்தில் ஏமாற்றம் அடைகிறார்கள். எனவே, தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்வது நல்லது.

அமெரிக்காவின் எட்டு நகரங்களில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்த, 10 முதல் 16 வயது வரையிலான 959 பிள்ளைகளை வைத்து நடத்தப்பட்ட ஆய்வு 1995 இல் வெளியானது. குலுக்கல் முறையில் ஒரு பாதியினருக்கு உடனே வழிகாட்டி தேடித் தரப்பட்டது. மறுபாதியினர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தனர். 18 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, காத்திருந்தவர்களோடு ஒப்பிட, முதல் பாதியினர் போதைப்பொருளைத் தொடங்கும் வாய்ப்பு 46 விழுக்காடும், மதுவைத் தொடங்கும் வாய்ப்பு 27 விழுக்காடும் குறைவாக இருந்தன. பள்ளிக்கு மட்டம் போட்ட நாள்கள் பாதியாகக் குறைந்திருந்தன. பெற்றோரிடம் அவர்களுக்கு இருந்த நம்பிக்கையும் கூடியிருந்தது. இந்தக் கடைசிச் செய்தி பெற்றோர் அறிய வேண்டியது. வழிகாட்டி வந்தால் பிள்ளை நம்மை விட்டு விலகிவிடுமோ என்று அஞ்சுபவர்கள் பலர் உண்டு.

இது ஒரு திட்டத்தின் கதை. டேவிட் டுபாயும் உடன் ஆய்வாளர்களும் 2002 இல் 55 மதிப்பீடுகளையும், 2011 இல் வேறு 73 மதிப்பீடுகளையும் ஒன்றுதிரட்டி ஆராய்ந்தபோது, சராசரிப் பயன் சிறியதாகவே இருந்தது. தேர்வு, பயிற்சி, தொடர் கண்காணிப்பு ஆகியவை ஒழுங்காக இருக்கும் திட்டங்களில் பயன் தெளிவாகக் கூடியிருந்ததை 2002 ஆய்வு காட்டியது. ஆக, ‘வழிகாட்டல் பலன் தருமா’ என்ற கேள்வியைவிட, ‘எப்படி நடத்தப்படும் வழிகாட்டல் பலன் தருகிறது’ என்ற கேள்வியே சங்கத்தினருக்கு உதவும்.

நல்ல எண்ணத்தோடு செய்வது தீங்காக முடியுமா?

முடியும். இதை எந்தச் சங்கமும் முதல் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில் ரிச்சர்ட் கேபட் என்னும் மருத்துவர் திட்டமிட்டு, 1939 இல் தொடங்கிய பணி ஒன்று உண்டு. 506 சிறுவர்கள் இரண்டிரண்டு பேராக ஒப்புநோக்கிப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு இணையிலும் ஒருவனுக்கு ஆலோசகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் வீட்டுக்கு வந்து பார்த்தார். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உதவி கிடைத்தது. கோடை முகாம்களுக்கு அனுப்பினார்கள். 1945 வரை இது நடந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் அந்தச் சிறுவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தபோது, உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அது தமக்கு நன்மை செய்ததாகவே சொன்னார்கள். ஆனால் மருத்துவமனை, நீதிமன்றப் பதிவேடுகள் வேறொன்றைக் காட்டின. உதவி பெறாதவர்களைவிட உதவி பெற்றவர்களிடையே மீண்டும் குற்றம் செய்தவர்களும், குடிநோயின் அறிகுறி கொண்டவர்களும், இளவயதில் இறந்தவர்களும் கூடுதலாக இருந்தார்கள். 1978 இல் வெளியான இந்த முடிவு துறையையே உலுக்கியது. பின்னர் நுணுகிப் பார்த்தபோது, ஒரு முறைக்கு மேல் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடமே தீய விளைவு திரண்டிருந்தது தெரிந்தது. ஒரே மாதிரிச் சிக்கலில் இருக்கும் சிறுவர்களைப் போதிய கவனிப்பின்றி ஒன்றாகச் சேர்த்துவிட்டால், அவர்கள் ஒருவரையொருவர் தவறுக்கு ஊக்கப்படுத்தக்கூடும் என்ற விளக்கமே இன்று பெரிதும் ஏற்கப்படுகிறது.

சிறைக்கு அழைத்துச் சென்று கைதிகளைக் காட்டிச் சிறுவர்களை மிரட்டும் ‘பயமுறுத்தித் திருத்தும்’ நிகழ்ச்சிகளும் இத்தகையவையே. அவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிடக் கூடுதலாகக் குற்றத்தில் ஈடுபட்டதாகத் தொகுப்பாய்வுகள் கண்டுள்ளன. சங்கங்களுக்கு இது கவர்ச்சியான நிகழ்ச்சி. ஒரே நாளில் முடிந்துவிடும், செய்தியும் வரும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

எவ்வளவு நேரம், எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டும்?

மாதத்துக்கு நான்கு மணி நேரம், குறைந்தது ஓராண்டு என்பது அமெரிக்காவின் ‘மென்டார்’ அமைப்பு வெளியிட்டுள்ள வழிமுறைகள் சமூகத் திட்டங்களுக்குச் சொல்லும் அளவு. நேரத்தைவிடக் காலம் முக்கியம். ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்குப் பரவலான நன்மை காணப்பட்டது. முதல் மூன்று மாதங்களுக்குள் முறிந்த உறவுகளிலோ, பிள்ளைகள் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது.

ஏற்கெனவே பெரியவர்கள் சிலரால் கைவிடப்பட்ட பிள்ளைக்கு, ஆசை ஆசையாக வந்து மூன்றாம் மாதத்தில் காணாமல் போகும் இன்னொரு பெரியவர் தேவையில்லை. ஓராண்டுக்கு உறுதி சொல்ல முடியாதவர் வேறு பணிகளில் உதவலாம். வரவேற்புக்கு ஆள் வேண்டும், போக்குவரத்துக்கு ஆள் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும், அவையும் சேவையே.

சங்கத்தின் தலைவரும் பொறுப்பாளர்களும் ஆண்டுதோறும் மாறுகிறார்களே, திட்டம் எப்படி நீடிக்கும்?

இதுதான் சேவைச் சங்கங்களின் மிகப் பெரிய இடர்ப்பாடு. ரோட்டரியிலும் லயன்ஸிலும் சங்க ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. புதிய தலைவர் தமக்கென ஒரு திட்டத்தோடு வருகிறார். பழைய தலைவரின் திட்டம் மெல்ல ஓரங்கட்டப்படுகிறது. மரம் நடுதல், கண் பரிசோதனை முகாம் போன்றவற்றுக்கு இதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு யாருடைய பதவிக்காலம் எப்போது முடிகிறது என்பது தெரியாது. ஜூன் மாதம் வரை வாரந்தோறும் வந்தவர் ஜூலையில் வரவில்லை என்பது மட்டுமே தெரியும்.

எனவே, திட்டத்தைத் தலைவரின் கையிலிருந்து எடுத்து, மூன்றாண்டுக் காலத்துக்கு நியமிக்கப்படும் சிறு குழு ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும். அக்குழுவில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே மாற வேண்டும். திட்டத்துக்கான பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அடுத்த தலைவர் அதை வேறு பணிக்குத் திருப்ப முடியாதபடி பொதுக்குழுத் தீர்மானம் இருப்பது நல்லது. முதல் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்பே, இப்போதைய தலைவர், அடுத்த ஆண்டுக்குத் தேர்வாகியிருப்பவர், அதற்கடுத்து வர வாய்ப்புள்ளவர் ஆகிய மூவரும் கையெழுத்திட்டுத் திட்டத்தை ஏற்க வேண்டும். இந்த மூன்று கையெழுத்துகள் கிடைக்காவிட்டால் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை. கடுமையாகத் தோன்றினாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. முடிந்தால் அவருக்கு ஊதியம் கொடுங்கள். தன்னார்வலர்கள் மாறலாம், தலைவர்கள் மாறலாம். எந்தப் பிள்ளைக்கு யார், கடைசியாக எப்போது சந்தித்தார்கள், வீட்டில் என்ன நிலைமை என்பதை மனத்திலும் ஏட்டிலும் வைத்திருக்கும் ஒருவர் மாறாமல் இருக்க வேண்டும்.

தன்னார்வலர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சங்க உறுப்பினர் என்பதோ, ஊரில் பெரிய மனிதர் என்பதோ தகுதியாகாது. எழுத்து விண்ணப்பம், நேரில் விரிவான உரையாடல், உறவினர் அல்லாத இரண்டு மூன்று பேரிடம் விசாரணை, அந்தந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு ஆகிய அனைத்தும் எல்லாருக்கும் பொருந்த வேண்டும். நிறுவனத் தலைவருக்கும் விலக்கு வேண்டாம். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ய எண்ணுபவர்கள், பிள்ளைகளோடு தனித்திருக்கும் வாய்ப்புத் தரும் பணிகளைத் தேடி வருவது உலகெங்கும் கண்ட உண்மை. ‘இந்த வயதுப் பிள்ளைதான் வேண்டும்’ என்று வற்புறுத்துபவர், விதிமுறைகளைத் தேவையற்ற கெடுபிடி என்று சலித்துக்கொள்பவர், பயிற்சிக்கு வராமலே பிள்ளையைச் சந்திக்கத் துடிப்பவர் ஆகியோரைச் சற்று நிறுத்திவைத்து விசாரிக்க வேண்டும். நேர்மையானவர்கள் இந்தச் சோதனைகளால் மனம் புண்படுவதில்லை. காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஒத்துழைக்கிறார்கள்.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

பிள்ளையைச் சந்திக்கும் முன் குறைந்தது இரண்டு மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கின்றன மேற்சொன்ன ‘மென்டார்’ அமைப்பின் வழிமுறைகள். அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பதே நல்லது. வளரிளம் பருவத்தின் இயல்பு, அதிர்ச்சிக்கு உள்ளான பிள்ளை நடந்துகொள்ளும் விதம், எல்லைகள், எதை யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பன கட்டாயம் இடம்பெற வேண்டும். சொற்பொழிவைவிட, இருவர் வழிகாட்டியாகவும் பிள்ளையாகவும் நடித்துப் பார்க்கும் பயிற்சி நன்றாகப் பதிகிறது.

யாருக்கு யார் என்று எப்படி முடிவு செய்வது?

இருவருக்கும் பொதுவான ஈடுபாடு ஒன்றேனும் இருப்பது நல்ல தொடக்கம். மிதிவண்டி பழுதுபார்ப்பது, சதுரங்கம், ஓவியம், சமையல் என எதுவாகவும் இருக்கலாம். வீடுகளுக்கு இடையிலான தொலைவையும் பாருங்கள். வந்து போவது சிரமமாக இருந்தால் சில மாதங்களில் சந்திப்பு குறைந்துவிடும். முடிவில் பிள்ளைக்கும் குரல் உண்டு. முதல் அறிமுகத்துக்குப் பிறகு ‘இவர் வேண்டாம்’ என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்க வேண்டும். அதற்குக் காரணம் கேட்டு நெருக்கக் கூடாது.

பிள்ளை பேசவே மறுக்கிறது, சந்திப்புக்கும் வருவதில்லை. என்ன செய்வது?

முதல் சில மாதங்களில் இது மிகவும் இயல்பு. பலமுறை ஏமாந்த பிள்ளை, புதிதாக வந்தவரைச் சோதித்துப் பார்க்கிறது. ‘நான் வராவிட்டால் இவரும் நின்றுவிடுவாரா’ என்பதே அந்தச் சோதனை. பெரும்பாலான வழிகாட்டிகள் விலகுவது இந்தக் கட்டத்தில்தான். அதனால் இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலக வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. வழிகாட்டி வந்துவிட்டார், பையனைக் காணோம். அவர் அரை மணி நேரம் காத்திருக்கிறார். பிறகு பையனுக்குச் செய்தி அனுப்புகிறார்: ‘நான் வந்திருந்தேன். அடுத்த சனிக்கிழமையும் நான்கு மணிக்கு இங்கேயே இருப்பேன்.’ அவ்வளவுதான். ‘ஏன் வரவில்லை’ என்ற கேள்வி இல்லை; ‘உனக்காக எவ்வளவு தூரம் வந்தேன் தெரியுமா’ என்ற குத்தல் இல்லை. அடுத்து ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவிக்கிறார். அவர் வீட்டாரிடம் பேசி, பையன் நலமாக இருக்கிறானா என்று உறுதிசெய்கிறார். அடுத்த வாரம் பையன் வந்தால், சென்ற வாரத்தைப் பற்றி அவனே எடுத்தாலொழிய வழிகாட்டி எடுப்பதில்லை. பேசத் தோன்றாத பிள்ளையோடு எதிரெதிரே உட்காருவதைவிட, பக்கத்தில் நடப்பதும் கைவேலை ஒன்றில் சேர்ந்து ஈடுபடுவதும் நல்லது. கண்ணைப் பார்க்க வேண்டியிராதபோது சில பிள்ளைகளுக்குப் பேச்சு வருகிறது.

தொடர்ந்து பல வாரம் வராவிட்டால் ஒருங்கிணைப்பாளர் நேரில் போய்க் கேட்க வேண்டும். நேரமோ இடமோ ஒத்துவராமல் இருக்கலாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்திருக்கலாம். வருவதற்கு வண்டிச் செலவுக்கே பணம் இல்லாமலும் இருக்கலாம்.

பாதுகாப்புக்கு என்ன விதிகள் தேவை? பிள்ளை சொல்லும் ரகசியத்தைக் காக்கலாமா?

சந்திப்புகள் பிறர் கண்ணில் படும் இடத்தில் நடக்க வேண்டும். வழிகாட்டியின் வீட்டில் இரவு தங்குவது, மூடிய அறையில் தனித்திருப்பது, பெற்றோருக்குத் தெரியாமல் சந்திப்பது ஆகியவை கூடாது. கைபேசிச் செய்திகளுக்கும் இதே கண்டிப்பு வேண்டும்: தானாக அழியும் செய்திகளை அனுப்பும் செயலிகளைப் பயன்படுத்தக் கூடாது, ஒருங்கிணைப்பாளர் கேட்டால் உரையாடலைக் காட்ட வழிகாட்டி ஆயத்தமாக இருக்க வேண்டும். இந்த விதிகள் பிள்ளையைக் காப்பதோடு, நேர்மையான வழிகாட்டியையும் வீண்பழியிலிருந்து காக்கின்றன.

ரகசியத்தைப் பொறுத்தவரை, முதல் சந்திப்பிலேயே எல்லையைச் சொல்லிவிட வேண்டும். ‘நீ சொல்வதை ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், உதவி செய்யக்கூடியவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்போதும் உன்னிடம் சொல்லிவிட்டே செய்வேன்.’ இதைச் சொல்லாமல், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்தவர், பிறகு வாக்கை மீறவும் முடியாமல் காக்கவும் முடியாமல் தவிப்பார். பிள்ளை துன்புறுத்தலைப் பற்றிச் சொன்னால் வழிகாட்டி துப்பறியக் கூடாது. அமைதியாகக் கேட்டு, நம்புவதாகச் சொல்லி, பிள்ளையின் சொற்களை அப்படியே குறித்துக்கொண்டு, அன்றைக்கே பொறுப்பாளரிடமும், சட்டம் வேண்டும் இடத்தில் உரிய அதிகாரிகளிடமும் தெரிவிக்க வேண்டும்.

பணமோ பரிசோ கொடுக்கலாமா?

சிறிய, எப்போதாவது தரும் பிறந்தநாள் புத்தகம் போன்றவை தவிர வேண்டாம். குடும்பத்துக்குப் பண உதவி தேவைப்பட்டால் அது சங்கத்தின் வேறு நிதியிலிருந்து, வழிகாட்டி வழியாக அல்லாமல் போக வேண்டும். கொடுப்பவர், வாங்குபவர் என்ற நிலை வந்துவிட்டால், பிள்ளையால் அவரிடம் கோபப்படக்கூட முடியாது. கோபப்பட முடியாத உறவில் நம்பிக்கை வளராது.

பிள்ளைகளின் படத்தைச் சங்க இதழிலும் சமூக ஊடகங்களிலும் போடலாமா?

கூடாது. பெற்றோர் சம்மதித்தாலும் கூடாது என்றே சொல்வோம். உதவி பெறும் நிலையில் இருக்கும் குடும்பம் ‘முடியாது’ என்று சொல்லத் தயங்கும். ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989) ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்கிறது. ‘வழி தவறிய சிறுவர்களுக்கு உதவி’ என்ற தலைப்போடு வந்த படம், அந்தப் பிள்ளை இருபத்தைந்து வயதில் வேலை தேடும்போதும் இணையத்தில் இருக்கும். தன்னார்வலர்களின் படத்தைப் போடுங்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

பெற்றோருக்கு இதில் என்ன இடம்?

முதலிடம். அவர்கள் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். வழிகாட்டியை நேரில் சந்திக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. வழிகாட்டி பிள்ளையின் முன்னிலையில் பெற்றோரைக் குறைத்துப் பேசக் கூடாது. தாயிடம் ‘இன்று அவன் எனக்குச் சதுரங்கத்தில் ஒரு புதிய நகர்வைக் காட்டினான்’ என்று சொல்லும் ஒரு வரி, அந்த வீட்டில் பல நாள் பேசப்படும். தம் பிள்ளையைப் பற்றிப் பள்ளியிலிருந்து புகார் மட்டுமே கேட்டுப் பழகிய பெற்றோர் அவர்கள்.

தன்னார்வலர்களைத் தொடர்ந்து எப்படிக் கவனிப்பது?

மாதம் ஒருமுறையாவது ஒருங்கிணைப்பாளர் வழிகாட்டியிடமும், தனியாகப் பிள்ளையிடமும் பேச வேண்டும். எத்தனை முறை சந்தித்தீர்கள், என்ன செய்தீர்கள், எது உறுத்துகிறது என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றாவது கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்ற விடையே தொடர்ந்து வந்தால், அந்த இணையைக் கூர்ந்து பார்ப்பது நல்லது. உண்மையான உறவில் உறுத்தல் இல்லாமல் இராது.

வழிகாட்டி விலக வேண்டியிருந்தால் எப்படி முடிப்பது?

வேலை மாற்றம், நோய், திருமணம் என்று காரணங்கள் வரத்தான் செய்யும். முடிவைவிட, சொல்லாமல் முடிவதே பிள்ளையைப் புண்படுத்துகிறது. முடிந்தால் இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள். காரணத்தை உண்மையாகச் சொல்லுங்கள். அது பிள்ளையின் தவறால் அன்று என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசிச் சந்திப்பு எது என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ‘அடிக்கடி வந்து பார்ப்பேன்’ என்று நிறைவேற்ற முடியாத வாக்கு வேண்டாம். புதிய வழிகாட்டி வேண்டுமா, எப்போது வேண்டும் என்பதைப் பிள்ளையிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் சங்கம் சிறியது. நீண்ட காலத்துக்கு ஆள் தர முடியாது. வேறு என்ன செய்யலாம்?

ஏற்கெனவே இந்தப் பணியைச் செய்துவரும் அமைப்புக்குத் துணை நிற்கலாம். சங்க உறுப்பினர்களிடம் தொழிற்கூடமும் கடையும் மருத்துவமனையும் அலுவலகமும் இருக்கின்றன. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அங்கே வந்து வேலையைப் பார்த்துப் பழக ஒரு நாள் இடம் கொடுப்பது பெரிய உதவி. அது ஒரு நாள் மட்டுமே என்பது பிள்ளைக்கு முன்பே தெரியும் என்பதால், அதில் ஏமாற்றம் இல்லை. சந்திப்புக்கு அறை கொடுக்கலாம். வழிகாட்டிகளின் பயிற்சிச் செலவையோ பிள்ளைகளின் வண்டிச் செலவையோ ஏற்கலாம். ஒருங்கிணைப்பாளரின் ஊதியத்தில் ஒரு பங்கை மூன்றாண்டுகளுக்கு எழுதிக் கொடுக்கலாம். நன்கொடையாளர்கள் மிகக் குறைவாக முன்வருவது இந்தக் கடைசிச் செலவுக்குத்தான். திட்டங்கள் பெரும்பாலும் நின்றுபோவதும் அதற்கான பணம் தீரும்போதுதான். தாமே நடத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால், மூன்று பிள்ளைகள், மூன்று வழிகாட்டிகள் என்று தொடங்கி, அந்த மூன்று உறவுகளும் ஓராண்டைக் கடந்த பிறகு நான்காவதைப் பற்றி யோசியுங்கள்.